அலகை விடாத கணக்கு

இயற்பியலில் அளவு என்பது ஒரு பெருக்கல். மேசையின் நீளம் 2 மீட்டர் என்றால், மீட்டர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நீளத்தைப் போல அது இரண்டு மடங்கு என்று பொருள். எண் ஒரு காரணி, அலகு இன்னொரு காரணி. இரண்டையும் பெருக்கினால் வருவதே அளவு. அதே மேசையை 200 சென்டிமீட்டர் என்றும் சொல்லலாம், 6.56 அடி என்றும் சொல்லலாம். மேசை மாறுவதில்லை. அலகு சிறுத்தால் எண் பெருக்கிறது, அலகு பெருத்தால் எண் சிறுக்கிறது, பெருக்கல் மட்டும் அப்படியே நிற்கிறது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்சாரம், காந்தம் பற்றிய பெருநூலை இந்தக் கருத்திலிருந்துதான் தொடங்கினார். அலகு மாற்றம் பற்றிப் பாடநூல்கள் சொல்லும் விதிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

அலகை விடையின் கடைசியில் எழுதிச் சேர்க்கும் ஒரு சொல்லாக மட்டும் நினைப்பதுதான் தொடக்க நிலை மாணவர்கள் செய்யும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். கணக்கின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அலகு எண்ணோடு கூடவே வர வேண்டும். பெருக்கினால் அலகும் பெருக்கப்படும், வகுத்தால் அலகும் வகுக்கப்படும், மேலும் கீழும் ஒரே அலகு வந்தால் அடிபட்டுப் போகும். இயற்கணிதத்தில் எழுத்துகளை நடத்துவது போலவே அலகுகளையும் நடத்த வேண்டும்.

அலகு என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று என்பதால், எதை ஒப்புக்கொள்வது என்ற கேள்வி முதலில் வருகிறது. படியும் முழமும் ஊருக்கு ஊர் மாறிய காலம் எல்லா நாட்டிலும் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, எந்த ஊருக்கும் எந்த அரசனுக்கும் சொந்தமில்லாத ஓர் அலகு வேண்டும் என்று பாரிஸ் அறிவியல் கழகம் முடிவு செய்தது. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று 1791இல் வகுத்தார்கள். அந்தத் தொலைவை அறிவதற்காக டெலாம்பர், மெஷான் என்ற இரு வானியலாளர்கள் 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை முக்கோணம் முக்கோணமாக நிலத்தை அளந்தார்கள். புரட்சியும் போரும் நடந்துகொண்டிருந்த நாட்டில், கோபுர உச்சிகளிலும் மலை முகடுகளிலும் கருவிகளை நிறுத்திச் செய்த வேலை அது. அதன் முடிவை வைத்து 1799இல் பிளாட்டினத்தில் ஒரு மீட்டர் கோல் செய்யப்பட்டது. இன்றைய கணக்குப்படி துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 10,002 கிலோமீட்டர். அதாவது அந்த மீட்டர் வகுத்த இலக்கணத்தைவிட 0.2 மில்லிமீட்டர் அளவு குறைந்துவிட்டது. துருவங்களில் பூமி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று அன்று எடுத்துக்கொண்ட மதிப்பு சரியாக இல்லாததே இதற்கு முதன்மையான காரணம். ஆனாலும் கோலை யாரும் திருத்தவில்லை. அலகு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். அது பூமியின் சுற்றளவோடு துல்லியமாகப் பொருந்துவது முக்கியமில்லை.

1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பாரிஸை ஒட்டிய செவ்ரில் பன்னாட்டு எடை அளவைகள் நிலையம் அமைந்தது. 90 பங்கு பிளாட்டினமும் 10 பங்கு இரிடியமும் கலந்து செய்த, 39 மில்லிமீட்டர் உயரமும் அதே விட்டமும் உள்ள ஓர் உருளை 1889இல் உலகத்தின் கிலோகிராம் ஆயிற்று. அதன் நகல்களில் 57ஆம் எண் உள்ளது இந்தியாவுக்குரியது. புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. இந்தியா 1956இல் எடை அளவைத் தரச் சட்டம் இயற்றி, 1957இல் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறையைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சேரும் பலமும் விடைபெற்றுக் கிலோவும் கிராமும் கடைக்கு வந்தது அப்போதுதான்.

பொருளை அலகாக வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில், செவ்ர் உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தோன்றிவிட்டது. மூல உருளை இளைத்ததா, நகல்கள் கனத்தனவா என்று கேட்கவே வழியில்லை. ஏனென்றால் இலக்கணப்படி மூல உருளையின் நிறை எப்போதும் சரியாக ஒரு கிலோகிராம். இந்தச் சிக்கலைத் தீர்க்க, எந்த இடத்திலும் எந்தக் காலத்திலும் மாறாத இயற்கை மாறிலிகளின் மேல் அலகுகளை நிறுத்தினார்கள். சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அதிர்வதற்கு ஆகும் நேரமே ஒரு வினாடி என்று 1967இல் முடிவாயிற்று. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் செல்லும் தொலைவில் 29,97,92,458இல் ஒரு பங்கே மீட்டர் என்று 1983இல் முடிவாயிற்று. கிலோகிராம் கடைசிவரை உருளையாகவே இருந்தது. 2018 நவம்பரில் வெர்சாயில் கூடிய பொது மாநாடு பிளாங்க் மாறிலியின் மதிப்பை 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-வினாடி என்று நிலைப்படுத்தி, கிலோகிராமை அதிலிருந்து பெறும்படி செய்தது. மீட்டர் உடன்படிக்கையின் ஆண்டு நாளான 2019 மே 20 முதல் இது நடப்பில் இருக்கிறது.

1960இல் எஸ்.ஐ. என்று பெயர் பெற்ற பன்னாட்டு அலகு முறையில் அடிப்படை அலகுகள் ஏழு. நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்குக் கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்குக் கேண்டெலா. மோல் மட்டும் பிறகு, 1971இல் சேர்ந்தது. மற்ற எல்லா அலகுகளும் இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் வருபவை. ஒரு கிலோகிராம் நிறையை வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வேகம் கூடும்படி தள்ளும் விசை நியூட்டன். ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் தொலைவுக்குச் செய்யும் வேலை ஜூல். ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் என்றால் வாட். இந்த முறையின் அழகு, வழி அலகுகளுக்கு இடையில் வேண்டாத எண் எதுவும் வராததுதான். மீட்டரும் கிலோகிராமும் வினாடியும் போட்டுக் கணக்குச் செய்தால் விடை தானாக ஜூலில் வந்து நிற்கும்.

பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் முன்னொட்டுகள் உண்டு. கிலோ ஆயிரம், மெகா பத்து லட்சம், ஜிகா நூறு கோடி. கீழ்ப்பக்கம் மில்லி, மைக்ரோ, நானோ. 2022இல் ரோன்னா, குவெட்டா என்ற பெரியவையும் ரோன்டோ, குவெக்டோ என்ற சிறியவையும் சேர்ந்தன. பள்ளியில் கவனிக்க வேண்டியது குறியீட்டின் எழுத்து வடிவம். உரோமன் எழுத்தில் சிறிய எம் மில்லியைக் குறிக்கும், பெரிய எம் மெகாவைக் குறிக்கும். மில்லிவாட்டுக்கும் மெகாவாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு கோடி மடங்கு. அவசரத்தில் எழுதிய ஓர் எழுத்து அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டுவிடும்.

இனி அலகு மாற்றம். 1 கிலோமீட்டரும் 1000 மீட்டரும் ஒரே நீளம். எனவே ஒன்றை மற்றதால் வகுத்தால் வருவது 1. எந்த அளவையும் 1ஆல் பெருக்கினால் அது மாறாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்தை எடுத்துக்கொள்ளலாம்:

72 கி.மீ./மணி × (1000 மீ / 1 கி.மீ.) × (1 மணி / 3600 வினாடி) = 20 மீ/வினாடி.

கிலோமீட்டர் மேலும் கீழும் வந்து அடிபட்டது, மணியும் அப்படியே. எஞ்சியது மீட்டரும் வினாடியும். பெருக்குவதா, வகுப்பதா என்ற குழப்பத்துக்கு இங்கே இடமே இல்லை. தவறுதலாக 3600 வினாடியை மேலே எழுதினால் மணி அடிபடாமல் கீழே இரண்டு முறை நிற்கும். மணியின் வர்க்கத்தால் வகுபட்ட ஒரு வேகம் கிடையாது என்று கண்ணே சொல்லிவிடும். 5/18ஆல் பெருக்கு என்று பல வகுப்புகளில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எண் சரிதான். ஆனால் தேர்வறையில் அது 5/18ஆ 18/5ஆ என்று மறந்துபோகும் மாணவருக்குக் கைகொடுக்க எதுவும் இல்லை. அலகோடு எழுதியவருக்கு மறப்பதற்கே எதுவும் இல்லை.

மின்கட்டண அட்டையிலுள்ள யூனிட்டையும் இப்படியே பார்க்கலாம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 1000 ஜூல்/வினாடியை 3600 வினாடியால் பெருக்க, வினாடி அடிபட்டு 36 லட்சம் ஜூல் நிற்கிறது. கிணற்று மோட்டாரின் ஐந்து எச்.பி.யை ஒவ்வொன்றும் 746 வாட் என்று வைத்தால் 3730 வாட். நான்கு மணி நேரம் ஓடினால், இழப்புகளைச் சேர்க்காமல், 14.9 யூனிட். கிலோவாட் என்பது வீதம், கிலோவாட்-மணி என்பது மொத்தம். நாளிதழ்களில் கூட இந்த இரண்டும் இடம் மாறி வருவதைப் பார்க்க முடிகிறது.

அலகை எண்ணிலிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியை வரி வரியாகப் பார்ப்பது பயன் தரும். ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், போயிங் 767, மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட வேண்டும். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பழைய விமானங்கள் எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டன. புதிய 767 கிலோகிராமில் கணக்கிட்டது. அன்று எரிபொருள் காட்டும் மின்னணுக் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டியில் அளவுகோல் வைத்துப் பார்த்து, இருப்பு 7,682 லிட்டர் என்று கண்டார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். இன்னும் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்?

இதற்கு ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை தெரிய வேண்டும். கையில் இருந்த சீட்டில் 1.77 என்ற எண் இருந்தது. வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தி வந்த எண்தான். அதை வைத்து 7,682 × 1.77 = 13,597 என்று கணக்கிட்டு, 22,300லிருந்து கழித்து, 8,703ஐ மீண்டும் 1.77ஆல் வகுத்து, 4,916 லிட்டர் ஊற்றினார்கள். எண்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு 1.77 பவுண்டு. 13,597 என்பது பவுண்டு. அதைக் கழித்த 22,300 என்பது கிலோகிராம். சரியான கணக்கு இது: ஒரு லிட்டருக்கு 0.803 கிலோகிராம் வீதம் 7,682 லிட்டர் என்றால் 6,169 கிலோகிராம். மீதம் வேண்டியது 16,131 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 20,088 லிட்டர். ஊற்றியது அதில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. தொட்டியில் இருந்த மொத்தம் 22,300 பவுண்டு. கிலோகிராமில் 10,100க்குச் சற்று மேல்.

ஒட்டாவாவில் மறுபடியும் அளந்து பார்த்தார்கள். அதே 1.77ஐ வைத்துத்தான் பார்த்தார்கள். எனவே எல்லாம் சரியாக வந்தது. ஒரே தவறான காரணியை வைத்து எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை வெளியே வராது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, முதலில் ஓர் எஞ்சினும் பிறகு மற்றதும் நின்றுபோயின. எஞ்சினில்லாப் பறவை விமானங்களை ஓட்டிப் பழகியிருந்த தலைமை விமானி பாப் பியர்சன், மானிட்டோபா மாகாணத்தில் கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் அதை இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

இந்தக் கணக்கில் அலகு எழுதியிருந்தால் பிழை முதல் வரியிலேயே தெரிந்திருக்கும்: கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்க முடியாது. அலகு எழுதாவிட்டாலும் இயற்பியல் அறிவு காப்பாற்றியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த விமான எரிபொருள் தண்ணீரில் மிதக்கும். அதன் அடர்த்தி 1ஐவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். ஒரு லிட்டருக்கு 1.77 கிலோகிராம் என்றால் அது தண்ணீரில் கல் போல மூழ்கும் திரவம். ஒவ்வொரு அலகிலும் பழக்கமான ஒரு பொருளின் மதிப்பை மனத்தில் வைத்திருப்பது, மாற்று அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்வதைவிட மிகுந்த பயன் தரும்.

1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை அடைந்த நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் தொலைந்ததும் இதே வகைப் பிழையால்தான். கலத்தின் சிறு உந்துகள் தந்த கணத்தாக்கைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் எழுதியது. அதை வாங்கிக்கொண்ட இன்னொரு மென்பொருள் நியூட்டன்-வினாடி என்று படித்தது. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு. கோப்பில் எண்கள் மட்டும் இருந்தன. கோளிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, வளிமண்டலத்தில் சிக்கியது.

நீளத்தின் அலகை மாற்றுவது எளிது. பரப்பும் பருமனும் வரும்போதுதான் கை தடுமாறுகிறது. காரணியையும் வர்க்கமோ கனமோ செய்ய வேண்டும் என்பது மறந்துபோகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு மேட்டூர் அணைச் செய்தி. நீர்மட்டம் அடியில், இருப்பு டி.எம்.சி.யில், வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று ஒரே செய்தியில் மூன்று அலகுகள். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஓர் அடி 0.3048 மீட்டர். எனவே ஒரு கன அடி என்பது 0.3048 × 0.3048 × 0.3048 = 0.0283 கன மீட்டர், அல்லது 28.3 லிட்டர். ஒரு டி.எம்.சி. 2.83 கோடி கன மீட்டர். கனம் செய்ய மறந்து 0.3048ஆல் ஒரே முறை பெருக்கினால் 30.48 கோடி என்று வரும். பத்து மடங்குக்கும் மேலான பிழை.

120 அடியில் அணை நிரம்பினால் இருப்பு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு வினாடிக்கு 20,000 கன அடி திறந்தால், வரத்து ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாளைக்கு 86,400 வினாடி.

20,000 கன அடி/வினாடி × 86,400 வினாடி/நாள் = 172.8 கோடி கன அடி/நாள் = 1.728 டி.எம்.சி./நாள்.

93.47 டி.எம்.சி.யை இதனால் வகுத்தால் டி.எம்.சி. அடிபட்டு, நாள் மேலே வருகிறது: 54 நாள். அடி மண்டிய, எடுக்க முடியாத நீரையும் ஆவியாகிப் போவதையும் கழித்தால் இன்னும் குறையும். ஒரு நாள் முழுக்க வினாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. என்ற எண்ணை நினைவில் வைத்தவர், செய்தி வாசிக்கும்போதே இந்தக் கணக்கை மனத்தில் போட்டுவிடலாம். காவிரி நீரைப் பற்றிப் பேசும் எவருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலத்திலும் இதே கதைதான். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், சென்னையில் கிரவுண்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி என்பதால் ஓர் ஏர் 2.471 சென்ட். பட்டாவில் 35.5 ஏர் என்றிருக்கும் நிலம் 87.7 சென்ட்.

பெருக்கினால் போதும் என்ற விதிக்கு உட்படாத ஒன்று வெப்பநிலை. செல்சியஸும் பாரன்ஹீட்டும் வெவ்வேறு இடத்தில் சுழியை வைத்திருக்கின்றன. எனவே 1.8ஆல் பெருக்கியபின் 32ஐக் கூட்ட வேண்டும். 37 பாகை செல்சியஸ் 98.6 பாகை பாரன்ஹீட் ஆவது இப்படித்தான். ஆனால் வெப்பநிலை வேறுபாட்டை மாற்றும்போது 32ஐக் கூட்டக் கூடாது. உலகச் சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 பாகை செல்சியஸுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்று 2015இன் பாரிஸ் ஒப்பந்தம் சொல்கிறது. பாரன்ஹீட்டில் அது 2.7 பாகை உயர்வு. 32ஐச் சேர்த்து 34.7 பாகை உயர்வு என்று எழுதினால், பல மடங்கு பெரிய உயர்வைச் சொன்னதாகிவிடும். இன்னொன்று: வாயு விதிகளில் வெப்பநிலையைக் கெல்வினில் மட்டுமே போட வேண்டும். 27 பாகை செல்சியஸிலிருந்து 54 பாகைக்குச் சூடேற்றிய காற்றின் அழுத்தம், பருமன் மாறாதபோது, இரட்டிப்பாவதில்லை. 300 கெல்வின் 327 ஆகிறது. அழுத்தம் 9 விழுக்காடு மட்டுமே கூடுகிறது.

நிறையும் எடையும் ஒரே அலகில் பேசப்படுவது இன்னொரு குழப்பம். 50 கிலோ அரிசி மூட்டையின் நிறை 50 கிலோகிராம். அதைப் பூமி இழுக்கும் விசை, அதாவது எடை, சுமார் 490 நியூட்டன். வில் தராசு உணர்வது விசையை. அதன் முகப்பில் எழுதியிருப்பது கிலோகிராமை. நிலவுக்கு எடுத்துப் போனால் அந்தத் தராசு 8 கிலோ அளவில்தான் காட்டும், மூட்டையில் ஒரு மணி அரிசி குறையாமலே. பெட்ரோல் பங்கில் டயருக்கு 30 அடைக்கச் சொல்லும்போது, அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு-விசை, அதாவது 207 கிலோபாஸ்கல். அதுவும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள அளவு மட்டும்.

அலகுகளை விட்டு ஒரு படி மேலே போனால் பரிமாணம் வருகிறது. மீட்டர், அடி, மைல் எதுவானாலும் அது நீளம். வேகம் என்பது நீளத்தைக் காலத்தால் வகுத்தது. 1822இல் வெப்பம் பற்றிய நூலில் ஃபூரியே இந்தக் கருத்தை முன்வைத்தார்: ஒரு சமன்பாட்டின் எல்லா உறுப்புகளுக்கும் பரிமாணம் ஒன்றாகவே இருக்க வேண்டும். தனி ஊசலின் அலைவு நேரத்தில் நீளம் மேலேயா, ஈர்ப்பு முடுக்கம் மேலேயா என்று மறந்தவர் அலகை எழுதிப் பார்க்கலாம். மீட்டரை மீட்டர்/வினாடி²ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வினாடி வருகிறது. தலைகீழாகப் போட்டால் வினாடியின் தலைகீழ் வருகிறது. அது நேரமாக முடியாது.

இந்த முறையின் வலிமையைக் காட்ட ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் செய்த கணக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் ஆற்றல் இரகசியமாக இருந்தது; ஆனால் தீக்கோளத்தின் வரிசையான படங்கள், நேரமும் நீள அளவும் குறித்து, வெளியாயின. தீக்கோளத்தின் ஆரத்தைத் தீர்மானிப்பவை ஆற்றல், காற்றின் அடர்த்தி, கடந்த நேரம் ஆகிய மூன்றுதான் என்று எடுத்துக்கொண்டால், ஆற்றலின் பரிமாணம் தரும்படி இவற்றைச் சேர்க்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: அடர்த்தியை ஆரத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கிலோகிராம்/மீட்டர்³ × மீட்டர்⁵ ÷ வினாடி² = கிலோகிராம் மீட்டர்²/வினாடி². இது ஜூலேதான். 0.025 வினாடியில் ஆரம் சுமார் 130 மீட்டர், காற்றின் அடர்த்தி 1.2 கிலோகிராம்/மீட்டர்³. போட்டுப் பார்த்தால் 7 × 10¹³ ஜூல், அதாவது ஏறத்தாழ 17 கிலோடன் டி.என்.டி. டெய்லர் 1950இல் வெளியிட்ட விரிவான கணக்கும் இதன் அருகில்தான் வந்தது.

பரிமாணத்தால் முடியாதவையும் உண்டு. ஊசல் சமன்பாட்டிலுள்ள இரண்டு பை, இயக்கச் சமன்பாட்டிலுள்ள அரை போன்ற வெறும் எண்களை அது தராது. டெய்லரின் கணக்கில் அந்த எண் 1க்கு மிக அருகில் இருந்ததால்தான் விடை நெருங்கி வந்தது. அதைத் தனியாக நிறுவ அவர் வாயு இயக்கச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. திருப்பு விசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே பரிமாணம், ஆனால் அவை ஒன்றல்ல. எனவே திருப்பு விசையை நியூட்டன்-மீட்டர் என்றே எழுதுவார்கள், ஜூல் என்று எழுதுவதில்லை. பரிமாணம் பொருந்தாத சமன்பாடு தவறு என்பது உறுதி; பொருந்தும் சமன்பாடு சரி என்பது உறுதியில்லை.

கடைசியாக, எத்தனை இலக்கம் எழுதுவது என்ற கேள்வி. 1959 முதல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர், ஒரு பவுண்டு சரியாக 0.45359237 கிலோகிராம். இவை அளந்து கண்ட எண்கள் அல்ல, வகுத்து வைத்தவை. இவற்றில் பிழை இல்லை. எனவே விடையின் துல்லியத்தைத் தீர்மானிப்பது மாற்றுக் காரணி அல்ல, முதலில் அளந்த கருவி. நாடாவால் 12.0 அடி என்று அளந்த சுவரைக் கணிப்பான் 3.6576 மீட்டர் என்று காட்டும். அளவீட்டில் முக்கிய எண்ணுருக்கள் மூன்றுதான், எனவே 3.66 மீட்டர் என்று எழுத வேண்டும். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிச் ஏராளமான நோயாளிகளை அளந்து, உடலின் இயல்பான வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது என்று 1868இல் எழுதினார். அது பாரன்ஹீட்டுக்கு மாறியபோது 98.6 ஆயிற்று. பத்தில் ஒரு பாகை வரை துல்லியமாக அளந்தது போன்ற தோற்றம் அந்த மாற்றத்தில் வந்து சேர்ந்தது. முழுப் பாகைக்குத் திருத்திய 37 என்பது 36.5 முதல் 37.5 வரை எதுவாகவும் இருக்கலாம், பாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை. வெப்பமானி 98.9 காட்டியதும் காய்ச்சல் என்று பதறுபவர்கள் அந்தப் பத்தில் ஆறை நம்பித்தான் பதறுகிறார்கள். பல படிகள் உள்ள கணக்கில் இடையில் இலக்கங்களை வெட்டாமல், கடைசி வரியில் மட்டும், அளந்ததில் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் எத்தனையோ அத்தனைக்குத் திருத்தி எழுத வேண்டும்.